பள்ளத்தாக்கின் தொண்டுக் கணக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தன்னார்வத் தொண்டுத் துறையின் அளவைச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும். எத்தனை அமைப்புகள் இருக்கின்றன என்பது ஒன்று. அவை ஆண்டுக்கு எவ்வளவு மதிப்புள்ள வேலை செய்கின்றன என்பது மற்றொன்று. இரண்டுமே எளிதில் பிடிபடுவதில்லை. எதையெல்லாம் இந்தத் துறையில் சேர்க்கலாம் என்பதற்கு ஐக்கிய நாடுகள் சபை 2003-ல் வெளியிட்ட கையேடு ஐந்து அடையாளங்களைச் சொல்கிறது. சேர்க்கப்படுவது ஓர் அமைப்பாக இயங்க வேண்டும். மிஞ்சும் பணத்தை அதன் ஆட்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. அரசின் அங்கமாக இருக்கக் கூடாது. தன்னைத் தானே நிர்வகித்துக்கொள்ள வேண்டும். சேர்வதும் கொடுப்பதும் கட்டாயமாக இருக்கக் கூடாது. இந்த ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு ஆண்டிபட்டிக் கணவாயிலிருந்து லோயர் கேம்ப் வரை தேனி மாவட்டத்தில் தேடினால், ‘என்ஜிஓ’ என்ற பலகை இல்லாத இடங்களில்தான் பெரும்பகுதி அகப்படும். துறையைப் பற்றிய பிழையான நம்பிக்கைகளில் பல, பலகையை மட்டும் பார்த்து எண்ணுவதால் வந்தவை.

நம்பிக்கை: இந்தியாவில் 31 லட்சம் தொண்டு நிறுவனங்கள் வேலை செய்கின்றன, பள்ளிக்கூடங்களைவிட அவையே அதிகம்.

இந்த எண் 2015-ல் பரவலானது. உச்ச நீதிமன்றத்தில் மத்தியப் புலனாய்வுத் துறை தாக்கல் செய்த தகவலை வைத்து, நானூறு பேருக்கு ஒரு தொண்டு நிறுவனம் என்று நாளிதழ்கள் கணக்குப் போட்டன. அது பதிவேட்டில் உள்ள பெயர்களின் எண்ணிக்கை. அவற்றில் வரவு செலவுக் கணக்கைத் தாக்கல் செய்தவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதும் அதே தகவலில் இருந்தது. ஆனால் தலைப்புச் செய்தியில் நின்றது 31 லட்சம் மட்டும்தான்.

மத்தியப் புள்ளியியல் அலுவலகம் இதற்கு முன்பே ஒரு வேலை செய்திருந்தது. சங்கப் பதிவு அலுவலகங்களிலிருந்து சுமார் 31.7 லட்சம் பெயர்களைத் திரட்டி, அவற்றில் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளுக்கு ஆளை அனுப்பிப் பார்த்தது. நேரில் கண்டுபிடிக்க முடிந்தவை ஏறக்குறைய ஏழு லட்சம். மூன்றில் ஒன்று. சங்கத்தைப் பதிவு செய்வது எளிது, கலைப்பதற்கான நடைமுறையை யாரும் பின்பற்றுவதில்லை. தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான ரசிகர் மன்றமும் விளையாட்டுக் கழகமும் குடியிருப்போர் சங்கமும் ஒரே பேரேட்டில்தான் இருக்கின்றன. செயலற்றுப் போனவையும் அங்கேயே கிடக்கின்றன.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2002-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் வீடுவீடாகவும் ஊர் ஊராகவும் விசாரித்து, நாடு முழுவதும் சுமார் 12 லட்சம் அமைப்புகள் இயங்குவதாக மதிப்பிட்டது. பிரியா என்ற தில்லி அமைப்பும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. அந்த 12 லட்சத்தில் ஏறக்குறைய பாதி எங்கும் பதிவு பெறாதவை. முக்கால்வாசியில் சம்பளத்துக்கு ஒரே ஓர் ஆள் இருந்தார், அல்லது ஒருவருமே இல்லை. ஆக, பதிவேடு இல்லாததை எண்ணுகிறது, இருப்பதை விட்டுவிடுகிறது. இரண்டு பிழையும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும் என்று நினைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

நம்பிக்கை: தொண்டு நிறுவனம் நன்கொடையில்தான் ஓடுகிறது, அதிலும் பெரும்பகுதி வெளிநாட்டுப் பணம்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் கணக்கை ஒப்பிட்டபோது, இலாப நோக்கற்ற அமைப்புகளின் வருவாயில் பாதிக்கும் மேல் கட்டணமாக வந்தது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் அரசிடமிருந்து வந்தது. தனியார் நன்கொடை சுமார் 12 சதவீதம். இந்தியக் கணக்கும் இதே தோற்றத்தில்தான் இருந்தது. 1999–2000-ல் இந்த அமைப்புகளுக்கு வந்த 17,922 கோடி ரூபாயில் பாதியளவு அவை தாமே ஈட்டியது.

தேனியில் இதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். மருத்துவமனையை நடத்துவது ஓர் அறக்கட்டளை. அதன் தேனிக் கிளை 1985-ல் வந்தது. கட்டணம் செலுத்தும் நோயாளியிடமிருந்து வரும் பணமே இலவச அறுவை சிகிச்சைக்கும் சலுகைக் கட்டண அறுவை சிகிச்சைக்கும் போகிறது. அன்றாடச் செலவுக்கு நன்கொடையை நம்பியிருக்கவில்லை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கட்டுபடியாகாத நிலையில், 1992-ல் மதுரையில் ஆரோலேப் என்ற உற்பத்திக்கூடத்தையும் இதே வழியில் தொடங்கினார்கள். லென்ஸின் விலை பல மடங்கு இறங்கியது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் தேனி மருத்துவமனை இன்னொரு காரியம் செய்தது. சுற்றுவட்டார ஊர்களில் சிறு கண் பரிசோதனை மையங்களைத் திறந்து, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் உதவியோடு தொலைதூர வைஃபை கோபுரங்களால் அவற்றைத் தேனியுடன் இணைத்தது. மையத்தில் பரிசோதிப்பவர் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண். திரையின் மறுமுனையில் மருத்துவர். நோயாளி சிறு கட்டணம் செலுத்துகிறார். அவருக்கு மிச்சமானது ஒரு நாள் கூலியும் பஸ் செலவும். அந்த மிச்சம் எந்த நிறுவனத்தின் வரவு செலவிலும் ஏறாது என்றாலும், தொண்டின் பொருளாதார மதிப்பைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

‘காசு வாங்கினால் அது தொண்டா?’ என்ற கேள்வி ஊரில் அடிக்கடி எழுகிறது. கட்டணம் வாங்கலாமா, உபரி வரலாமா என்பதல்ல அளவுகோல். உபரி யாருடைய பைக்குப் போகிறது என்பதே அளவுகோல். வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை, வருவாயில் 85 சதவீதத்தை அறநோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்ற விதியும் இதை ஒட்டியதுதான்.

வெளிநாட்டுப் பணம் கணிசமானது. ஆனால் துறையையே தாங்கும் தூண் அல்ல. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வந்த தொகை 2021–22-ல் சுமார் 22,000 கோடி ரூபாய். அசோகா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம், 2020–21-ல் இந்தியக் குடும்பங்கள் கொடுத்த பணத்தை மட்டும் ஏறக்குறைய 23,700 கோடி என மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி கோயில், பள்ளிவாசல், தேவாலயம் போன்ற சமய அமைப்புகளுக்குப் போனது. சமயம் சாராத அமைப்புகளுக்குக் கிடைத்தது சுமார் ஐந்து சதவீதம். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் உண்டியல் முன் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவருக்கு இந்த விகிதம் வியப்பளிக்காது.

நம்பிக்கை: தொண்டுத் துறை என்பது வெளியிலிருந்து வந்த புது ஏற்பாடு, ஊருக்கென்று அப்படி ஒன்று இருந்ததில்லை.

தென் மாவட்டங்களின் நாடார் வணிகர்களிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மகமை இருந்தது. வரும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு கடைக்காரரும் பொதுநிதிக்குக் கொடுப்பார். அதை உறவின்முறை என்ற சமூகச் சங்கம் நிர்வகிக்கும். விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படிப்பட்ட பணத்தில் எழுந்தது. அதே மரபின் தொடர்ச்சியாகத் தேனியில் மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறை இன்று பள்ளிகளும் கலை அறிவியல் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் நடத்துகிறது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956-ல் வந்தது. பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியை நடத்துவது கத்தோலிக்கக் கன்னியர் சபை. போடிநாயக்கனூரில் ஏலத்தோட்ட உரிமையாளர்களின் சங்கம், தன் பெயரிலேயே ஒரு கல்லூரியை நிறுவியது. ஏலக்காய் விலையைப் பற்றிப் பேசக் கூடிய சங்கம் கல்லூரிக்கும் நிர்வாகி. கம்பத்தில் ஆதிசுஞ்சனகிரி மகளிர் கல்லூரி இருக்கிறது. அந்தப் பெயர் கர்நாடக மடத்தினுடையது. சாதி, சமயம், தொழில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்விக்கூடம் இருக்கிறது. இவற்றில் எதையும் யாரும் என்ஜிஓ என்று சொல்வதில்லை.

மகமை முழுக்க முழுக்கத் தன்விருப்பக் கொடையா என்று கேட்கலாம். கொடுக்காதவருக்கு ஊரில் என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்பது தெரிந்ததே. ஐந்தாவது அடையாளமான ‘கட்டாயமின்மை’ இங்கே கொஞ்சம் நெகிழ்ந்துதான் போகிறது. ஆனால் சட்டப்படி தண்டிக்கக் கூடிய வரி அல்ல என்பதால் துறைக்குள் வருகிறது. திருமண வீட்டில் எழுதும் மொய் வராது. அது நோட்டில் ஏறி, திரும்பிச் செலுத்த வேண்டிய தொகை.

நம்பிக்கை: தனியார் அறம் கட்டியதை அரசின் காசோடு சேர்க்கக் கூடாது, இரண்டும் வேறுவேறு.

கணக்கில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. அரசு உதவிபெறும் கல்லூரியில் நிலமும் கட்டடமும் கொடையாளருடையவை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் ஆசிரியர் ஊதியம் அரசு கொடுப்பது. வாயில் வளைவில் இருக்கும் பெயர் கொடையாளருடையது. ஆண்டுச் செலவில் பெரும்பகுதி கருவூலத்திலிருந்து வருவது. தேசியக் கணக்கு முறை இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது: அரசின் கட்டுப்பாட்டில் இயங்கும் இலாப நோக்கற்ற அமைப்பை அரசுத் துறையில் சேர், சந்தை விலையில் சேவை விற்பதை நிறுவனத் துறையில் சேர், எஞ்சியது மட்டும் தனி. இந்த வடிகட்டலில் கல்லூரியும் மருத்துவமனையும் நழுவிப்போக, தொண்டுத் துறைக்கென மிஞ்சுவது சிறு அமைப்புகள்தான். துறை சிறியதாகத் தெரிவதற்கு இது முக்கியக் காரணம்.

எதிர்த்திசையில், அரசின் காசு தனியார் அறமாக மாறிய பெரிய எடுத்துக்காட்டும் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது.

நம்பிக்கை: பொறியாளர் பென்னிகுவிக் இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்றுப் பெரியாறு அணையைக் கட்டினார்.

கம்பம் பள்ளத்தாக்கில் இதை அறியாதவர் இல்லை. கட்டிய சுவரை வெள்ளம் அடித்துப் போனது, ஆங்கில அரசு கைவிரித்தது, பொறியாளர் ஊருக்குப் போய் வீட்டையும் மனைவியின் நகையையும் விற்று வந்து அணையை முடித்தார் என்று கதை போகும். மேடையிலும் சுவரொட்டியிலும் வகுப்பறைப் பேச்சிலும் இதுவே திரும்பத் திரும்ப வருகிறது.

அணை சென்னை மாகாண அரசின் பாசனத் திட்டம். மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சமஸ்தானத்திலேயே எழுந்தது. பணம் போதாமல் நின்றது. 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு மாகாண அரசு அதைக் கையில் எடுத்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், ஆண்டுக்கு 40,000. 1887-ல் தொடங்கிய வேலை முடிந்து, 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்து வைத்தார். திட்டத்தில் பணிபுரிந்த பொறியாளர் மெக்கன்சி எழுதிய விரிவான வரலாற்றை அரசு அச்சகம் 1899-ல் வெளியிட்டது. குத்தகை, மதிப்பீடு, அனுமதி, செலவு எல்லாம் அரசின் பெயரில் நடந்த வேலை இது. சொத்து விற்ற கதைக்கு ஆதாரமாக அந்தக் காலத்து ஆவணம் எதையும் யாரும் காட்டியதில்லை.

கர்னல் ஜான் பென்னிகுவிக் சம்பளம் பெற்ற அரசுப் பொறியாளர். காட்டாற்று வெள்ளமும் மலேரியாவும் சூழ்ந்த இடத்தில் எட்டு ஆண்டுகள் அந்த வேலையை நடத்தி முடித்தவர் என்பதில் ஐயமில்லை. அவரோடு மலையேறிக் காய்ச்சலிலும் விபத்திலும் மாண்ட கூலியாட்களின் கல்லறைகள் அணைக்கு அருகே இருக்கின்றன. கதையில் அவர்களுக்கு இடமில்லை. பாலார்பட்டியில் ஆண்டுதோறும் அவருக்குப் பொங்கல் வைப்பதற்கும், பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுவதற்கும், 2013-ல் லோயர் கேம்பில் மணிமண்டபம் எழுந்ததற்கும் அடிப்படை, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு வரும் தண்ணீர். அதற்குச் சொத்து விற்ற கதை தேவையில்லை. தொண்டுக் கணக்கில் இந்தக் கதை ஒரு பிழையைச் செய்கிறது: வரியும் தீர்வையும் செலுத்திய குடியானவரின் பணத்தை ஒரு தனி மனிதரின் தானமாக எழுதிவிடுகிறது.

நம்பிக்கை: மகளிர் குழுவுக்கு வரும் பணம் தர்மப் பணம்.

குழுவின் அடித்தளம் உறுப்பினர்களின் சேமிப்பு. நபார்டு வங்கி 1992-ல் தொடங்கிய இணைப்புத் திட்டத்தின்படி வங்கி கொடுப்பது வட்டியோடு திரும்ப வேண்டிய கடன். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியக் குழுக்கள், கடமலைக்குண்டு போன்ற மழை குறைந்த பகுதிகளில் இந்த முறையில்தான் வேரூன்றின. நன்கொடை வந்தது, கணக்கெழுதக் கற்றுக்கொடுத்தவரின் சம்பளத்துக்கு. அந்தச் சம்பளம் ‘நிர்வாகச் செலவு’ என்ற தலைப்பில் விழுந்து, செலவு அதிகமுள்ள நிறுவனம் என்ற பழியும் வாங்கித் தரும். ஆண்டிபட்டியில் தொழுநோய், காசநோய், எச்ஐவி நோயாளிகளுக்காக இயங்கும் ஆரோக்கிய அகம் போன்ற இடத்திலும் இதே நிலைதான்: அங்கே செவிலியரின் ஊதியமே சேவை. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான வரம்பு 2020 திருத்தத்தில் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது; எது நிர்வாகம், எது பணி என்ற வழக்கு அதனால் கூடியிருக்கிறது.

நம்பிக்கை: கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம் வந்துவிட்டதால் இனிக் குறையில்லை.

2014 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர இலாபமோ உள்ள நிறுவனம், மூன்றாண்டு சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். 2022–23-ல் நாடு முழுவதும் இது 30,000 கோடியை நெருங்கியது. நிறுவனம் இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது சட்டம்; அதனால் பணம் மகாராஷ்டிரம் போன்ற தொழில் மாநிலங்களில் குவிகிறது. திராட்சை, வாழை, ஏலக்காய், நெல் என்று வாழும் பள்ளத்தாக்கில் அந்த வரம்பைத் தொடும் தலைமை அலுவலகங்கள் அரிது.

நம்பிக்கை: சம்பளமில்லாத சேவைக்கு விலை கிடையாது, கணக்கிடவும் முடியாது.

கணக்கிடலாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் அதற்கென வழிகாட்டி நூலே வெளியிட்டது. அந்த வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கூலி ஆகுமோ அதைப் போடுவது பரவலான வழி. இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 2.4 சதவீதத்தினர் ஒரு நாளில் ஊதியமற்ற தன்னார்வ வேலை அல்லது பயிற்சி வேலையில் ஈடுபட்டனர். ஈடுபட்டவர் ஒருவருக்குச் சராசரியாக ஏறக்குறைய நூறு நிமிடம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தேனி மாவட்டத்தில் 12,45,899 பேர். ஆறு வயதைக் கடந்தோர் குறைந்தது பத்து லட்சம் என்று வைத்து, தேசியச் சராசரியையே இங்கும் பொருத்திப் பார்த்தால், நாளொன்றுக்கு 24,000 பேர், 40,000 மணி நேரம், அதாவது எட்டு மணி நேர வேலையாக 5,000 ஆள்நாள். தமிழ்நாட்டில் 2024–25-க்கான நூறு நாள் வேலைக் கூலி 319 ரூபாய். அந்த விலையில் நாளொன்றுக்குச் சுமார் 16 லட்சம், ஆண்டுக்கு 58 கோடி ரூபாய்.

இது அளவெடுத்த எண் அல்ல. அளவின் வரிசையைக் காட்டும் எண். கூலியை மாற்றினால் மாறும்: கண் முகாமில் வரிசையை ஒழுங்குபடுத்துபவருக்குக் கூலியாள் விலை பொருந்தும், இரவு முழுதும் நோயாளியைப் பார்த்துக்கொண்டவருக்குச் செவிலியர் விலை. வேலையும் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருக்காது. கார்த்திகை முதல் தை வரை சபரிமலைக்குப் போகும் வண்டிகள் தேனி–கம்பம்–குமுளிச் சாலையை நிறைக்கும். வழியெங்கும் அன்னதானப் பந்தலில் அரிசி கொடுப்பவர், சமைப்பவர், இலை எடுப்பவர் யாரும் சம்பளம் வாங்குவதில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழு சிக்கியபோது, காயம்பட்டவர்களைத் தூக்கி இறக்கியவர்களில் உள்ளூர் மக்களும் இருந்தனர். இத்தகைய அமைப்பு சாராத உதவியே உலகின் தன்னார்வ உழைப்பில் 70 சதவீதம் என்றும், மொத்தமும் சேர்ந்தால் 10.9 கோடி முழுநேர ஊழியருக்குச் சமம் என்றும் ஐநா தன்னார்வலர் திட்டம் 2018-ல் மதிப்பிட்டது.

ஓர் எச்சரிக்கை தேவை. கூலியில்லாத உழைப்பு எல்லாமே விரும்பிக் கொடுத்தது அல்ல. ஊர் கூடிக் கண்மாயும் வாய்க்காலும் தூர்வாரும் குடிமராமத்து பொற்காலத்து ஒற்றுமையாகவே இன்று பேசப்படுகிறது. ஆனால் வேலைக்கு வராதவரைத் தண்டிக்க 1858-லேயே சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அந்த உழைப்புக்கும் மதிப்பு உண்டு; தன்னார்வப் பத்தியில் அதை எழுத முடியாது.

நம்பிக்கை: இவ்வளவும் நாட்டு வருமானக் கணக்கில் எங்காவது சேர்ந்திருக்கும்.

ஒரு பகுதி சேர்கிறது. விலை வைத்து விற்காத சேவையைத் தேசியக் கணக்கு அதன் செலவைக் கொண்டே மதிப்பிடுகிறது: சம்பளம், வாங்கிய பொருள், கட்டடத் தேய்மானம். அன்னதானப் பந்தலில் அரிசியும் எரிவாயுவும் எங்கோ ஓரிடத்தில் செலவாகப் பதிவாகும். சமைத்த கைக்குச் சம்பளம் பூஜ்யம் என்பதால் அதன் மதிப்பும் பூஜ்யம். போதாததற்கு, இந்தியக் கணக்கில் குடும்பங்களுக்குச் சேவை செய்யும் இலாப நோக்கற்ற அமைப்புகள் தனித்து நிற்பதில்லை. குடும்பத் துறையோடு ஒன்றாகவே வெளியாகின்றன. டிரஸ்ட் நடத்தும் விடுதியின் செலவும் பெட்டிக்கடைக்காரரின் வரவும் ஒரே தலைப்பின் கீழ். 2003 கையேடு பரிந்துரைத்த தனித் துணைக்கணக்கு, சிதறிக் கிடக்கும் கல்லூரி, மருத்துவமனை, சங்கம், சம்பளமற்ற உழைப்பு எல்லாவற்றையும் ஒரே அட்டவணைக்குக் கொண்டுவரும். மத்தியப் புள்ளியியல் அலுவலகம் முகவரிகளைத் தேடி ஆள் அனுப்பியதும் அந்தக் கையேட்டின் வழியில்தான். அந்த வேலை 2012 அறிக்கையோடு நின்றது. மாவட்ட அளவிலான அட்டவணை அதில் இல்லை.